துரைக்குப் பிறகு வந்த பெயர்கள்

மார்ச் 9

அண்ணாவுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்தேன். அடித்தேன். அடித்தது தெரிய வேண்டாம் என்று தாளையே மாற்றினேன். இப்போது அதையும் உங்களிடம் சொல்லிவிட்டேன்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அதிலேயே இருக்கும், என்றைக்காவது கண்ணில் படும்.

அவர் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. எப்படிப் போனார் என்று யார் உங்களுக்கு என்ன சொன்னார்களோ தெரியாது. நானே சொல்கிறேன். பொம்மிக்குக் காதில் சீழ். நாய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் வெளி பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தார். கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து கம்பவுண்டர் பொம்மியை மட்டும் உள்ளே கொண்டுபோகப் பார்த்திருக்கிறார். சங்கிலி அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. பொம்மி அவர் காலடியில் படுத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. பெரியாஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஈர விரிப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்த என்னைத் தேடி ஆள் வந்தது. நான் போய்த்தான் சங்கிலியை அவிழ்த்தேன். மனிதரைத் தொடுவதற்கு முன்னால் நாயை அவிழ்க்க வேண்டியிருந்தது. அவரோடு குடித்தனம் நடத்திய இத்தனை வருடமும் அப்படித்தானே.

நாய்க் கிளப்பிலிருந்து எல்லோரும் வந்தார்கள். அவரைப் பைத்தியம் என்று சொன்னவர்களும் வந்தார்கள். அவர் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்த கட்டடங்களிலிருந்து, எனக்கு முகம் தெரியாத காவலாளிகள் வந்தார்கள். அண்ணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணனுக்கு உடம்பு சரியில்லம்மா" என்றார்கள். அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துவிடும். சிவந்தது.

சண்டை போட எழுதவில்லை. வீட்டில் இப்போது பொம்மி, சாம்பல், குட்டான், இன்னும் இரண்டு இளசுகள். இளசுகளைக் கேட்டு ஆள் வருகிறது. அது என் பாடு. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். பொம்மி சாப்பிட மாட்டேன் என்கிறது. டாக்டரம்மா உடம்பில் ஒன்றும் இல்லை என்கிறார். என்ன செய்வது? இதைக் கேட்க அவரை விட்டால் எனக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். அதுதான் என் தலையெழுத்து.

உங்கள் தங்கை


மார்ச் 17

தங்கச்சிக்கு,

முதலில் பொம்மி. சாப்பாட்டுத் தட்டை மாற்று. மாப்பிள்ளை எந்த மூலையில் வைப்பாரோ அந்த மூலையில் வைக்காதே. அங்கே வைத்தால் அவர் வருவார் என்று அது காத்துக்கொண்டுதான் இருக்கும். வேறு இடத்தில் வை. நீயும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஏதாவது சாப்பிடு. அதைப் பார்க்காதே, கெஞ்சாதே. நீ தின்று முடிப்பதற்குள் ஒரு வாய் வைக்கும். வைக்கவில்லை என்றால் மறுநாளும் அப்படியே செய். நீயும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் அண்ணி சொன்னாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செய்தி வந்தபோது நான் பட்டறையில் இருந்தேன். கையில் ஒரு மேல்தாடைப் பல் செட், மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு அடுக்கி முடித்தேன். முடித்துப் பார்த்தால் முன்பற்கள் இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். இருபத்தைந்து வருடத்தில் அப்படி வைத்ததில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவ்வளவுதான். அண்ணியைப் பொய் சொல்லச் சொன்னதும் நான்தான்.

ஆனால் ஒன்று. மூன்று வருடமாக நான் ஏன் பேசவில்லை என்பது உனக்குத் தெரியும். கிளப் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், உன் புருஷன் எழுந்து நின்று என் துரையின் பெயரைச் சொன்னார். அதன் ரத்தத்தில் கண் போகிற நோய் ஓடுகிறது என்றார். எத்தனை ஷோவில் முதலில் நின்ற நாய். எங்கெங்கிருந்தோ பெட்டைகளைக் கொண்டுவந்து நிறுத்திய நாய். வெளி ஆள் சொல்லியிருந்தால் கை நீட்டியிருப்பேன். சொன்னது என் தங்கை புருஷன். எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு விட்டதுதான் கிளப்பும்.

அவரை முதல் முதலாகப் பார்த்த நாளை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் பழைய வீட்டில், நம் பெட்டை மைனா முதல் ஈற்றுப் போட்டிருந்த சமயம். லிஃப்ட் கம்பெனிச் சட்டையோடு வந்தார், கையெல்லாம் கிரீஸ். குட்டிகளைக் காட்டினேன். அவர் குட்டிகளைப் பார்க்கவே இல்லை. தாயைப் பார்த்தார். "இதோட அம்மா எங்க இருக்கு? அப்பன் யாரு? அவங்க எத்தன வருஷம் இருந்தாங்க?" என்றார். குட்டி வாங்க வருகிறவன் நிறம் கேட்பான், ஆணா பெண்ணா கேட்பான். இந்த ஆள் பெண் பார்க்க வந்தவர் மாதிரிக் குலம் கோத்திரம் விசாரிக்கிறாரே என்று நினைத்தேன். நீ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். அடுத்த ஞாயிறும் வந்தார். நாய்க்காகத்தான் வருகிறார் என்று நான் ஒருவன்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மைனாவின் ஒரு மகன் என்னிடம் நின்றான், ஒரு மகள் உங்களிடம் வந்தாள். அப்படித்தான் ஒரே தாயிலிருந்து இரண்டு வம்சம் வந்தது. இப்போது அவர் பக்கத்தில் மிச்சம் இருக்கும் நல்ல பெட்டை சாம்பல் ஒன்றுதான். என் பக்கத்தில் துரையின் மகன் பைலட். சாம்பலை எனக்குக் கொடு. இரண்டையும் சேர்த்தால் மைனாவின் ரத்தம் இரு பக்கமும் வந்து கூடும். அந்த நீள முகம், ஒடுங்கிய வயிறு, அந்த நடை. அவர் பெயர் சொல்ல ஒரு ஈற்று நிற்கும். இதைக் காரியமாகக் கேட்கிறேன் என்று நினைக்காதே. நான் அவருக்குச் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

அண்ணன்


மார்ச் 24

அண்ணாவுக்கு,

பொம்மி சாப்பிட்டது. நீங்கள் சொன்னபடியே தட்டை இடம் மாற்றி, பின்கட்டு வாசலில் வைத்தேன். அதற்கு நன்றி.

மற்றபடி, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. எது வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அவருடைய சைக்கிளைக் கேட்டிருக்கலாம், சட்டையைக் கேட்டிருக்கலாம். நீங்கள் சாம்பலைக் கேட்கிறீர்கள். அதுவும் பைலட்டுக்கு.

அவர் சாம்பலைப் பற்றி என்னிடம் சொல்லி வைத்தது ஒன்றே ஒன்று. "யாருக்கு வேணும்னாலும் குடு. மச்சான் வீட்டு ஆண் நாயோட மட்டும் சேர்த்துறாத." கோபத்தில் சொன்னார் என்று நானும் முதலில் நினைத்தேன். "அவருக்குக் குடுக்க மனசு வரலையா?" என்று கேட்டேன். "அவருக்குக் குடுக்கத்தான்டி ஆசை. குட்டிங்க கண்ணு போயிரும்ல" என்றார்.

அண்ணா, நீங்கள் கூட்டத்தில் எழுந்து போனீர்கள். எப்போது எழுந்து போனீர்கள்? துரை பெயர் வந்ததும். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று யாராவது சொன்னார்களா? யார் சொல்வார்கள்? நான் அவர் பேச்சை எடுத்த இரண்டு முறையும் போனை வைத்தீர்கள். கிளப் ஆட்களை வாசலோடு திருப்பி அனுப்பினீர்கள். அண்ணி வாயைத் திறந்தால் சாப்பிடாமல் எழுந்து போவீர்களாம்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் போட்ட வேகத்தில் கதவு அடித்து நின்றது. அவர் கதவைப் பார்த்தார். பிறகு மீதியைச் சொன்னார். துரைக்குப் பிறகு நான்கு பெயர். நான்கும் எங்கள் வீட்டு நாய்கள். பொம்மியின் மகள் ஒன்று. அவர் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்த செல்லம். கடைசிப் பெயர் சாம்பல், அப்போது அது பால் மறக்காத குட்டி. துரையை முதலில் சொன்னதற்குக் காரணம், அதற்குத்தான் ஊர் முழுக்கக் குட்டிகள். உங்களை அவமானப்படுத்த அல்ல. அன்று அந்த ஹாலில் அவர் அளவுக்குத் தன்னையே அவமானப்படுத்திக்கொண்ட ஆள் வேறு யாரும் இல்லை.

தனியாகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னார். உங்கள் பட்டறைக்கு வந்து சொன்னார். "மொதல்ல உங்க கண்ண டெஸ்ட் பண்ணிக்கோங்க மாப்பிள்ள" என்று சிரித்தீர்களாம். வந்து என்னிடமும் அதைச் சொல்லி அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

குட்டானுக்கு இப்போது இரண்டு வயது. கூட்டத்துக்கு அப்புறம் வந்தது. அக்கம்பக்கத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன குட்டி அல்ல, அதுவும் நம் வம்சம்தான். அவரிடம் வாங்கிய பெட்டையை ஒருவர் அவரைக் கேட்காமல் துரையோடு சேர்த்து, வந்த குட்டிகளில் ஒன்று இருட்டினால் சுவரில் முட்டுகிறது என்று இவரிடம் கொண்டுவந்து விட்டுவிட்டார். போன மழைக்காலத்தில் பகலிலும் முட்ட ஆரம்பித்தது. அவர் குட்டானை மடியில் வைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பார். அணைத்துவிட்டு அதன் காதைத் தடவிக்கொண்டிருப்பார்.

சாம்பலைத் தர முடியாது.

உங்கள் தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

நான்கு பெயரா? எனக்குத் தெரியாது.

உன் அண்ணியிடம் கேட்டேன். "தெரியும். நாலு தடவ சொல்ல வந்தேன். நீங்க எங்க விட்டீங்க" என்றாள்.

இருந்தாலும் நான் நம்பவில்லை. பைலட்டின் கண் கண்ணாடி மாதிரி இருக்கிறது. துரை பதின்மூன்று வயது வரை ஈயைக் குறி பார்த்துப் பிடிக்கும். அப்பனுக்கு இல்லாத நோய் பிள்ளைக்கு எப்படி வரும்? உன் புருஷன் நல்லவர், ஆனால் தவறாகக் கணக்குப் போட்டிருக்கலாம் அல்லவா? ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன். ஒன்றும் இல்லை என்று வரும். வந்ததும் உனக்கு அனுப்புகிறேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மார்கழியில் பைலட்டை ஒரு பெட்டையோடு சேர்த்தேன். அவளும் தூரத்தில் மைனா வழிதான். குட்டிகள் பிறந்து கண் திறந்துவிட்டன. பாதிக்கு மேல் விலை பேசி முடித்தாயிற்று.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணாவுக்கு,

பொம்மி போய்விட்டது. சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து வந்தபோது பின்கட்டு வாசலில் படுத்திருந்தது. வெயில் படுகிற இடம் என்று அங்கே படுத்திருக்கிறது என்று நினைத்தேன். தோட்டத்தில், மாதுளைக்குப் பக்கத்தில் வைத்தேன். குழி தோண்ட எதிர் வீட்டுக்காரர் உதவினார். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட விரிப்பு ஒன்றில் சுற்றினேன். அந்த விரிப்புகளில்தான் அதன் குட்டிகளெல்லாம் பிறந்தன. ஒவ்வொரு ஈற்றுக்கும் நான் சலவைப் பிரிவில் கிழிசல் விரிப்புக் கேட்டு நிற்பேன். மேற்பார்வையாளர், "இந்தத் தடவ உனக்கா, உன் நாய்க்கா?" என்பார். எனக்குப் பிள்ளை இல்லை என்று அவருக்குத் தெரியாது.

அப்பனுக்கு இல்லாத நோய் பிள்ளைக்கு எப்படி வரும் என்று கேட்டிருந்தீர்கள். நானும் அவரிடம் அதையேதான் கேட்டேன். அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அப்பன் வழியாக ஒரு பாதி, அம்மா வழியாக ஒரு பாதி. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அந்த நாய்க்கு ஒன்றும் ஆகாது, சாகும் வரை ஈ பிடிக்கும். ஆனால் அது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு பக்கம் இருக்கிற இரண்டு நாய்கள் சேரும்போதுதான், இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்கிற சில குட்டிகளுக்குக் கண் போகும். நல்ல ரத்தம் நல்ல ரத்தம் என்று நீங்கள் இருவரும் மைனா வழியை மைனா வழியோடேயே சேர்த்தீர்கள். நடை வந்தது, முகம் வந்தது. கூடவே இதுவும் வந்தது. "மைனாகிட்டருந்துதான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். செத்துப்போன தாயைப் பற்றிக் குறை சொன்னவர் மாதிரி எழுந்து போய்க் கையைக் கழுவினார்.

அண்ணா, அவர் வம்சத்தை மதிக்கவில்லை என்று நீங்கள் நினைத்தீர்கள். நாலு தலைமுறைக்கு யார் எந்த வயதில் எப்படிச் செத்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். "ஜெயிச்ச நாய் பேர் எல்லாருக்கும் தெரியும். முட்டிக்கிட்ட நாய் பேரை எவனும் ஞாபகம் வச்சுக்கறதில்ல. ரெண்டும் தெரிஞ்சாத்தான் அது வம்சம்" என்பார். நாய்க்காரர்களுக்கு அவர் பேச்சு கசந்தது. குட்டிக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். அவர் வருத்தப்பட்டது அதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். உங்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் அது. நின்றுவிட்டு உள்ளே வந்து சட்டையைக் கழற்றுவார்.

இளசுகள் இரண்டையும் நல்ல இடத்தில் கொடுத்துவிட்டேன். இணை சேர்ப்பதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

பரிசோதனை என்ன ஆயிற்று?

உங்கள் தங்கை


மே 14

தங்கச்சி,

வந்துவிட்டது. பைலட்டுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பெட்டைக்கும் இருக்கிறது.

காகிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். தப்பாக வேறு நாயின் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டார்களோ என்று போன் செய்து கேட்டேன். ஒரு பெண் பொறுமையாக எண்ணைச் சரிபார்த்து, "இல்ல சார், உங்களோடதுதான்" என்றாள். பிறகு குட்டிகளுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினேன். இரண்டு குட்டிகளுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. அவைகளுக்குக் கண் போகும்.

இரண்டும் அதற்குள் கைமாறிப்போன குட்டிகள். ஒன்று மருந்துக்கடைக்காரர் வீட்டில். நேரில் போனேன். அவர் சட்டையைப் பிடித்தார். நான் பிடித்துக்கொள்ள விட்டேன். நாயைத் திருப்பிக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டார், இப்போது என்னிடம் இருக்கிறது. இன்னொன்று ஒரு டீச்சரம்மா வீட்டில். அவரும் அவர் மகளும் மட்டும். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்கள். குட்டி என் கால் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அந்த மகள், "கண்ணு போயிட்டா இதுக்கு எங்கள அடையாளம் தெரியாதா சார்?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அப்ப எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள். பிறகு டீச்சரம்மா கேட்டார், "கண்ணு தெரியாத நாய எப்படி வளர்க்கணும்? அதையாவது சொல்லிட்டுப் போங்க."

தங்கச்சி, நான் இத்தனை வருடம் நாய் வளர்த்தவன். ஷோவில் நடுவராக உட்கார்ந்தவன். எனக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

சாம்பலைக் கேட்கமாட்டேன். குட்டானைக் கொஞ்ச நாள் என்னிடம் அனுப்புவாயா? அதை வைத்துக் கற்றுக்கொண்டு அவர்களுக்குச் சொல்கிறேன்.

மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. உனக்கு எழுதினால் அது அவருக்குச் சொன்னதாகாது. ஆனாலும் எழுதுகிறேன். அவர் சொன்னது சரி.

அண்ணன்


மே 21

அன்புள்ள அண்ணா,

குட்டானை அனுப்ப முடியாது. பிடிவாதத்தில் சொல்லவில்லை. அதற்கு இந்த வீடுதான் கண். கட்டில் கால் எங்கே, படி எங்கே, நான் எந்த நேரத்தில் எங்கே நிற்பேன், எல்லாம் அதற்கு மனப்பாடம். வேறு வீட்டில் கொண்டுபோய் விட்டால் மறுபடியும் குருடாகிவிடும்.

நீங்கள் வாருங்கள். டீச்சரம்மாவையும் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்களிடம் திரும்பி வந்த குட்டியையும் கொண்டுவாருங்கள். நான் சொல்வதை விட குட்டானே சொல்லிக் கொடுத்துவிடும்.

அவர்கள் வருவதற்குள் இதை மட்டும் சொல்லுங்கள். நாற்காலி மேசையை இடம் மாற்றக் கூடாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் நாயைக் கூட்டிப்போய் மோப்பம் பிடிக்க வைக்க வேண்டும். தொடுவதற்கு முன்னால் குரல் கொடுக்க வேண்டும். படிக்கு முன்னால் ஒரு சாக்கு விரித்து வைத்தால் காலுக்குத் தெரிந்துவிடும். பாவம் பாவம் என்று தூக்கிக்கொண்டே இருக்கக் கூடாது, அப்புறம் நடக்கவே பயப்படும். இதெல்லாம் அவர் கண்டுபிடித்தது. பாதி நேரம் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்ப்பார். ஒருமுறை அப்படியே நடந்து, வாசலில் நின்ற தபால்காரர் மேலேயே முட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நான் லீவு.

தங்கை


ஜூன் 11

தங்கச்சி,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். டீச்சரம்மா மகள் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது பஸ் படியில் கால் இடறி முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். "குட்டான் எப்படி விழாம போகுது?" என்கிறாள்.

உன் வீட்டில் நான் ஒன்றும் பேசவில்லை. பேச வந்தவன்தான். உள்ளே நுழைந்ததும் குட்டான் வந்து என் கையை மோந்தது, அப்புறம் என் காலடியில் படுத்துவிட்டது. டீச்சரம்மா இருக்கும்போது அழுவது அசிங்கம் என்றுதான் தோட்டத்துப் பக்கம் போனேன். நீ பின்னால் வரவில்லை. அதற்கு நன்றி.

நாங்கள் கிளம்பும்போது நீ சொன்ன விஷயம். சாம்பலுக்கு மாப்பிள்ளை ஒரு ஆண் நாயைப் பார்த்து வைத்திருந்தார் என்றாய். பஸ் டிரைவர் வீட்டு நாய், பரிசோதனையில் சுத்தமாக வந்தது, மைனா வழியே கிடையாது என்றாய். சனிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். தங்கச்சி, அதற்கு ஒரு காது மடங்கியிருக்கிறது. முகம் குட்டை. நடை பரவாயில்லை, அவ்வளவுதான். ஷோவில் என் முன்னால் நின்றிருந்தால் முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பியிருப்பேன். அதன் அப்பன் வழி மூன்று தலைமுறைக்கு மேல் யாருக்கும் தெரியாது. நம் நாய்களின் அந்த முகத்தை வரவைக்க நாங்கள் இரண்டு பேரும் பாதி ஆயுளைச் செலவழித்தோம். இந்த நாயைச் சேர்த்தால் எல்லாம் போய்விடும்.

இதை எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து படித்தேன். மருந்துக்கடைக்காரர் திருப்பிக் கொடுத்த அந்தக் குட்டி மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. அழகான முகம். இப்போதே விளக்கைப் போட்டால்தான் அறைக்குள் வருகிறது.

முகம் நாலு தலைமுறையில் திரும்ப வரும். நான் இருக்கமாட்டேன், யாராவது இருப்பார்கள். சாம்பலுக்குப் பருவம் வரும்போது சொல்லி அனுப்பு. டிரைவர் வீட்டில் நான் பேசிவிட்டேன். "லிஃப்ட்காரர் அப்பவே சொல்லி வச்சுட்டுப் போனாரு சார். நீங்க வருவீங்கன்னும் சொன்னாரு" என்றார். மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அண்ணன்


நவம்பர் 3

அன்புள்ள அண்ணா,

சாம்பல் குட்டி போட்ட அன்று நீங்கள் வந்து கூட இருந்தபின் நான் எழுதவே இல்லை. நேரம் கிடைக்கவில்லை. வேலையிலிருந்து வந்தால் குட்டிகள், குட்டிகள் தூங்கினால் துணி. பிறந்தபோதே இறந்த அந்த ஒன்றை நீங்கள் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தீர்களே, போதும் அண்ணா என்று நான் சொன்ன பிறகும். அது என் கண்ணிலேயே நிற்கிறது. மற்றதெல்லாம் கண் திறந்து, ஓடி, என் புடவை முந்தானையைக் கிழித்து, இப்போது திட உணவு தின்கின்றன. இரண்டுக்குக் காது மடங்கியிருக்கிறது. உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

குட்டானைத் தாய் என்று நினைத்துக்கொண்டு பாதி நேரம் அதன் மேல்தான் கிடக்கின்றன. கடித்தாலும் பேசாமல் இருக்கிறது. குட்டிகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று அதற்குக் குழப்பம். நடுக்கூடத்தில் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது.

டீச்சரம்மா கடிதம் போட்டிருந்தார். அவர்கள் நாய்க்குச் சாயங்காலத்தில் பார்வை குறைய ஆரம்பித்துவிட்டதாம். படிக்கு முன்னால் சாக்கு விரித்துவிட்டார்களாம். அந்தப் பெண் பள்ளியிலிருந்து வந்ததும் வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வருகிறாளாம். எனக்கு வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

இன்று மதியம் ரிப்போர்ட் வந்தது. சலவைப் பிரிவுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். இஸ்திரி மெஷின் பக்கத்தில் நின்று பிரித்தேன். எந்தக் குட்டிக்கும் கண் போகாது, அப்பன் சுத்தமானதால் அது தெரிந்ததுதான். எதெது சுத்தம் என்றுதான் தெரிய வேண்டியிருந்தது. இரண்டு பெட்டைகளுக்கு ஒரு பக்கம் இருக்கிறது, சாம்பலைப் போல. ஒரு ஆண் குட்டி சுத்தம். பெட்டைகளில் கடைசியாகப் பிறந்தது, நீங்கள் பிழைக்காது என்று சொன்னது, அதுவும் சுத்தம்.

கூட வேலை செய்கிறவர்கள் என்ன என்று கேட்டார்கள். நாய்க்கு ரத்தப் பரிசோதனை என்று சொன்னேன். ஓ என்றுவிட்டு விரிப்பை மடிக்கப் போனார்கள். வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறக்கும்போதே வாயில் அந்தச் செய்தி இருக்கிறது. உள்ளே யார் இருக்கிறார்கள்? போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தேன்.

அவர் இருந்திருந்தால் உங்களோடு பேச்சு வார்த்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதை முதலில் உங்களிடம் சொல்லத்தான் துடித்திருப்பார். அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன். மச்சான், மைனா வழியில் ஒரு பெண் குட்டி இருக்கிறது. அதற்கு ஒன்றும் இல்லை.

தங்கை